ஒன்றுமில்லாத தாள்

ஜூன் 12, புதன்

இன்று லேபில் இருந்தவர்கள்: லேபுக்குப் பொறுப்பான பத்மாசனி மேடம், ஊதா நிறக் கைத்தறிச் சேலை. ஜெசிந்தா, வெள்ளைக் கோட்டு, உள்ளே மஞ்சள் பருத்திச் சுடிதார். நுகர்வோர் சங்கத்துச் செவத்தையா சார், வேட்டி, கதர்ச் சட்டை. அட்டெண்டர் தங்கபுஷ்பம், பச்சைப் பூப்போட்ட பாலியஸ்டர் சேலை. அந்தச் சேலையோடு உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் வேறு சேலை உடுத்தி வந்தாள். பிறகு நான், ஆவுடையம்மாள், சாம்பல் நிறச் சுங்குடி.

இப்படி எழுதச் சொன்னது ஜெசிந்தா. காலேஜில் பிஎச்.டி. படிக்கிற பிள்ளை. "யார் உள்ள வந்தா, என்ன துணி உடுத்தியிருந்தான்னு முதல்ல எழுதிரணும் ஆச்சி. பாலியஸ்டர்லேர்ந்து கண்ணுக்குத் தெரியாம நூல் உதிரும். தட்டுல ஒரு நூல் கெடந்தா அது எங்கேயிருந்து வந்துதுன்னு தெரியணும்லா" என்றாள். மிச்சம் கிடந்த ஒரு நோட்டை எனக்குக் கொடுத்து, "நீங்களும் எழுதிக்கிடுங்க. எனக்கு விட்டுப்போனா ஒங்ககிட்ட பாத்துக்கிடுவேன்" என்று சிரித்தாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நிறுத்தியவர் என் பெரியப்பா. அன்று செவ்வாய்க்கிழமை, வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்கறி. அவர் போய்ச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இன்னும் மன்னிக்கவில்லை.

லேப் நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டாம். பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. ரப்பர் போடக்கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கிறமாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி.

வேலை இதுதான். முகத்தில் தேய்த்துக் கழுவுகிற பசை, பேர் நிலாத்துளிர். பன்னிரண்டு கடையில் வாங்கிய பன்னிரண்டு டியூப். வால்நட் ஓட்டுத் தூள் போட்டது, பிளாஸ்டிக் இல்லை என்று அட்டையில் போட்டிருக்கிறது. இருக்கிறது என்கிறது நுகர்வோர் சங்கம். எவ்வளவு என்று இங்கே நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள்.

நிலாத்துளிர் கம்பெனியில் கலவைப் பிரிவுக்குச் சூப்பர்வைசர் என் மகன் பிரமநாயகம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பத்மாசனி மேடம், மாம்பழ நிறம். ஜெசிந்தா, வெள்ளைக் கோட்டு, நீலச் சுடிதார். தங்கபுஷ்பம், காவிக் கட்டம். நான், கருநீலம். எல்லாம் பருத்தி.

நேற்று இரண்டு டியூப் முடிந்தது, இன்று இரண்டு. ஐந்து கிராம் பசையை நிறுத்து வெந்நீரில் கரைக்கிறாள். கரைந்ததை வட்டமான வெள்ளைத் தாளில் ஊற்றினால் அடியில் மோட்டார் உறிஞ்சும். தண்ணீர் கீழே போய்விடும், கரையாதது தாளில் நிற்கும். அதைச் சூட்டடுப்பில் உலர்த்தி மறுபடி நிறுக்கிறாள்.

என் வேலை கண்ணாடி கழுவுவது. பிளாஸ்டிக் நார், ஸ்பாஞ்ச் எதுவும் கூடாது என்றார் மேடம். "தேங்காய் நார்தான் மேடம் எனக்குப் பழக்கம்" என்றேன். "அதுதான் வேணும்" என்றார். வீட்டுப் பரணில் ஒரு சாக்கு நார் இருக்கிறது. தீபாவளி வரை தாராளமாக வரும்.

நான் கழுவி வைத்த கண்ணாடியை ஜெசிந்தா மறுபடி சுத்தத் தண்ணீரால் அலசுகிறாள். அந்த அலசின தண்ணீரைத் தனியாக ஒரு தாளில் ஊற்றி வடிக்கிறாள். அந்தத் தாளில் ஒன்றுமே இருக்கக்கூடாதாம். அதில் ஏதாவது இருந்தால், பசையிலிருந்து வந்தது எது, நம் கையிலிருந்து வந்தது எது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புதுத் தாள் வைக்க வேண்டும். ஆனால் பெட்டியில் இருந்தது பதின்மூன்றே தாள். பன்னிரண்டு டியூப்புக்குப் பன்னிரண்டு போக, மிச்சம் ஒன்று. ஆறு நாள் அலசலையும் அந்த ஒரே தாளில் வடிக்கிறாள். கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்திருக்கிறாள்.

நான் அதற்கு வைத்த பேர், ஒன்றுமில்லாத தாள்.

ஜூன் 19, புதன்

பத்மாசனி மேடம், சாம்பல் நிறம், சிவப்புக் கரை. ஜெசிந்தா, வெள்ளைக் கோட்டு, மறுபடி மஞ்சள். தங்கபுஷ்பம், பழுப்பு. பதினொன்றே காலுக்கு ஃபேன் பார்க்க ஒரு ஆள், காக்கிச் சட்டை, ஐந்து நிமிடம். நான், சுங்குடி.

ஐந்தாவது, ஆறாவது டியூப். உலர்ந்த தாளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, "வாங்க ஆச்சி, பாருங்க" என்றாள் ஜெசிந்தா. பழுப்பாகக் கொஞ்சம் துணுக்கு. அது ஓடு. அதைவிட நிறைய, நீலமாக, உருண்டையாக. ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டைத் தொட்டாள், கருகியது. நீலத்தைத் தொட்டாள், இளகி ஊசியோடு நூலாக எழும்பி வந்தது.

"இது எங்க போவும் பிள்ளே?"

"முகம் கழுவுன தண்ணியோட சாக்கடைக்கு. அங்கேயிருந்து தாமிரபரணிக்கு. பொறவு மீனுக்கு."

"பொறவு?"

"பொறவு நாமதான் மீன் வாங்குதோம்."

வீட்டில் பேத்தி கோமதி எட்டாம் வகுப்பு. லேபிள் கோணலாக ஒட்டிய டியூப்பைப் பிரமநாயகம் வீட்டுக்குக் கொண்டுவருவான். காலையும் மாலையும் தேய்க்கிறாள். போடாதே என்றேன். "போங்காச்சி, எங்கப்பா செஞ்சது" என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

லேப் இல்லை. கோமதிக்குப் பேன் பார்த்தேன். பதினேழு.

பிரமநாயகம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகாமல் தட்டிலேயே கை காய உட்கார்ந்திருந்தான்.

"எம்மா, ஒங்க லேப்ல எங்க டியூப்பத்தான் பாக்காங்களாமே."

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்னைக்கு என் வேலையப் பத்திக் கேட்ட?"

மேனேஜர் விஸ்வேஸ்வரன் அவனைக் கூப்பிட்டு விசாரித்தாராம். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தால் கோயம்புத்தூரில் மச்சானோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டியதுதான் என்றான். மருமகள் செண்பகம் அடுப்படியில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"கோமதி?"

"அவளையும் அங்கதான் ஸ்கூல்ல சேக்கணும். நீங்க இந்த வீட்டப் பாத்துக்கிட்டு இருங்க."

கோமதி பிறந்தது வெள்ளிக்கிழமை, காலை நாலே முக்கால், ஆஸ்பத்திரி வராந்தாவில் மழைத் தண்ணீர். முதலில் வாங்கியது என் கை. அன்றிலிருந்து ஒரு நாள்கூட என்னைவிட்டு வேறு ஊரில் தூங்கியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியை எதை வைத்துக் கழுவுகிறேன் என்று கேட்டான். சொன்னேன். வேறு எதை வைத்துக் கழுவக்கூடாது என்று கேட்டான். அதையும் சொன்னேன். சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பச்சை ஸ்கிரப்பர் வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தான். "நார் கையக் கிழிக்கும்லா. இதுன்னா நோவாது" என்றான்.

என் கை நோகுமே என்று என் மகன் நினைத்திருக்கிறான்.

ஜூன் 24, திங்கள்

பத்மாசனி மேடம், நீலம். ஜெசிந்தா, வெள்ளைக் கோட்டு, ரோஸ். தங்கபுஷ்பம், காவிக் கட்டம். நான், கருநீலம்.

நார் தீர்ந்துவிட்டது. அதனால் பச்சை ஸ்கிரப்பரை எடுத்துப் போனேன். பையில் சாப்பாடு இருந்ததால் ஸ்கிரப்பரை இடுப்பில் செருகிக்கொண்டேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. ஏழாவது, எட்டாவது டியூப்.

ஜூன் 25, செவ்வாய்

ஆட்கள் நேற்றைக்குப் போலவே. ஜெசிந்தா வெள்ளைச் சுடிதார், நான் சுங்குடி. ஒன்பது, பத்து.

ஜூன் 26, புதன்

பத்மாசனி மேடம், ஊதா. ஜெசிந்தா, வெள்ளைக் கோட்டு, நீலம். தங்கபுஷ்பம், பழுப்பு. நான், கருநீலம்.

பதினொன்று, பன்னிரண்டு. முடிந்தது. ஜெசிந்தா தன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தில் பாதியை என் மூடியில் வைத்தாள். "என்ன ஆச்சி, நகத்துல பச்சையா?" என்றாள். கீரை ஆய்ந்தேன் என்றேன்.

வீட்டில் இன்று ரசமும் அப்பளமும்தான்.

ஜூலை 1, திங்கள்

இன்று லேபில் பத்மாசனி மேடம், ஜெசிந்தா, தங்கபுஷ்பம், நான். துணி நிறம் எழுத மனமில்லை. ஆனால் தெரியும்.

ஜெசிந்தா ஒன்றுமில்லாத தாளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். வைத்த கண்ணை எடுக்கவில்லை. கையில் பென்சிலை எடுத்துக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள். நாற்பத்து மூன்று கோடு.

"மேடம், பச்சை நூல். எல்லாம் பிளாஸ்டிக்."

மேடம் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி பார்த்தார். "என்னைக்கு விழுந்ததுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது மேடம். ஆறு நாளைக்கும் ஒரே தாளு."

"அப்ப ஆறு நாளும் போச்சு."

புதுத் தாள் வர இன்னும் மூன்று வாரம். எட்டாம் தேதி கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அன்று காட்ட ஒன்றும் இல்லை என்றால், தவறாகக் குற்றம் சொன்னோம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இந்த ஆராய்ச்சியையும் நிறுத்திவிட வேண்டும் என்று காலேஜ் நிர்வாகம் சொல்லியிருக்கிறதாம். ஜெசிந்தா, "தப்பு என்னோடது மேடம். தாள மிச்சம் பிடிச்சேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேடம் ஜெசிந்தாவின் நோட்டைப் பின்னுக்குப் புரட்டினார். பன்னிரண்டாம் தேதியில் விரல் நின்றது.

"தங்கபுஷ்பம், அன்னைக்குப் பச்சைச் சேலையோட உள்ள வந்தீங்களா?"

"இல்ல மேடம், வாசல்லதான் நின்னேன். சத்தியமா."

"பின்ன இந்தப் பச்சை எங்கேயிருந்து வந்துச்சு?"

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். அவள் வாசலைத் தாண்டவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் கீழே. எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, காலேஜ் பொங்கலன்று, என் பேர் வெட்டிய எவர்சில்வர் தம்ளரை எடுத்துப் போனவள் இந்தத் தங்கபுஷ்பம். எடுக்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். இன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

நான் பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3, புதன்

தங்கபுஷ்பத்தை லேபுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெசிந்தா கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி எழுதிக் கிழிக்கிறாள். கடிதத்தைக் கிழிக்கலாம்போல.

"ஆச்சி, ஒங்க நோட்டக் கொஞ்சம் தாங்களேன். எனக்கு ஏதாவது விட்டுப்போயிருக்கான்னு பாக்கேன்."

"வீட்ல வச்சுட்டு வந்துட்டேன் பிள்ளே."

நோட்டு பையில்தான் இருந்தது.

ஜூலை 5, வெள்ளி

பிரமநாயகம் எனக்குச் சேலை எடுத்து வந்தான். கிளிப்பச்சை. தடவிப் பார்த்தேன், பாலியஸ்டர். "கம்பெனியில எல்லாருக்கும் சந்தோஷம்மா" என்றான்.

காலையில் கோமதி முற்றத்தில் முகம் கழுவும்போது பக்கத்தில் நின்றேன். நுரை ஓடித் தண்ணீர் போனபின் சிமெண்டுத் தரையில் நீலமாகப் பொடி நின்றது. இத்தனை நாளும் இதை விளக்குமாற்றால் தள்ளியிருக்கிறேன். ஒன்றை விரல் நுனியில் எடுத்து, என் ஹேர்பின்னை அடுப்பில் காய்ச்சித் தொட்டேன். நூலாக எழும்பி வந்தது.

"என்னாச்சி அது?"

"நீ முகத்துல தேய்க்கது."

கோமதி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். டியூப்பை மூடிவைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை கழுவினாள்.

பிரமநாயகத்திடம் ஹேர்பின்னைக் காட்டினேன். அதை அவன் வாங்கவில்லை.

"எல்லாக் கம்பெனியும் போடுததுதான். முழுக்க வால்நட் ஓடே போட்டா டியூப்ப யாரு வாங்குவா?"

"அட்டையில இல்லைன்னு போட்டிருக்கே ஐயா."

"அட்டைய நானா எழுதுனேன்?" என்றான். பிறகு, "நீங்க நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. போட்டுக் கொழப்பிக்கிடாதீங்க" என்றான்.

நான் என்ன செய்தேன் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

பரணில் ஏறி நார்ச் சாக்கை இறக்கினேன். முக்கால் சாக்கு இருக்கிறது.

ஜூன் 24ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, "நார் தீர்ந்துவிட்டது" என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். படிக்கிறமாதிரி. பக்கத்தில் "நார் இருந்தது. பச்சையை வேண்டுமென்றே எடுத்துப் போனேன்" என்று எழுதிக் கையெழுத்து, தேதி. ஜூன் 26இல் கீரைக்கும், ஜூலை 3இல் நோட்டுக்கும் கோடு போட ஒன்றும் இல்லை. அங்கே நான் எழுதியது உண்மைதான், சொன்னதுதான் பொய்.

கோமதி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு, "கோயமுத்தூர்ல தண்ணி ரொம்ப ருசியா இருக்குமாம் ஆச்சி" என்றாள். நாளை நான் வாய் திறந்தால் நீ அங்கே போக வேண்டிவரும் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது. தலையைத் தடவிக்கொடுத்தேன். பேன் இல்லை.

ஜூலை 8, திங்கள்

பத்மாசனி மேடம் அறையில் இருந்தவர்கள்: பத்மாசனி மேடம், மாம்பழ நிறம். ஜெசிந்தா, கோட்டு இல்லாமல், கறுப்புச் சுடிதார். செவத்தையா சார், கதர். கம்பெனி மேனேஜர் விஸ்வேஸ்வரன், வெள்ளைச் சட்டை, பாலியஸ்டர் கலந்தது. அவருக்கு இடப்பக்கம் என் மகன் பிரமநாயகம், தீபாவளிக்கு எடுத்த இளநீலச் சட்டை, காலரில் நான் தைத்த பொத்தான். வாசலில் தங்கபுஷ்பம், ஒரு கால் படியில். நான், சாம்பல் நிறச் சுங்குடி.

ஜெசிந்தா கடிதத்தை எடுத்து மேசைமேல் வைக்கும்போது, நான் என் நோட்டை அதன்மேல் வைத்தேன். பக்கத்தில் பச்சை ஸ்கிரப்பரையும் ஒரு பிடி தேங்காய் நாரையும் வைத்தேன்.

"13, 14, 19, இந்த மூணு நாளும் நாருல கழுவுனேன் மேடம். 24, 25, 26, மூணு நாளும் இதுல கழுவுனேன். வேணும்னே கழுவுனேன். தங்கபுஷ்பம் வாசல் தாண்டல."

ஜெசிந்தா ஸ்கிரப்பரிலிருந்து ஒரு இணுக்கைக் கிள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். திரும்பி வந்து, "அதே நூல்தான் மேடம்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப முதல் ஆறு டியூப் நிக்கும்" என்றார் செவத்தையா சார்.

மேனேஜர் சிரித்தார். "கண்ணாடி கழுவுற அம்மாவோட டைரிய வச்சா சார்? நேத்து ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கலாம்ல." பிறகு என் மகனைப் பார்த்தார். "ஒங்க அம்மாதானே, நீங்களே சொல்லுங்க."

பிரமநாயகம் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆறு மாசமாவே எங்கம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போவுது சார். அடுப்ப அணைக்க மறந்துருதாங்க. நேத்து நடந்தத இன்னைக்குக் கேட்டாத் தெரியாது. அவங்க சொல்லுதத எடுத்துக்காதீங்க."

நான் மேடத்திடம், ஜெசிந்தாவின் நோட்டைச் செவத்தையா சார் கையில் கொடுக்கச் சொன்னேன். என் நோட்டை மூடினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு ஜூன் 12இலிருந்து ஆரம்பித்தேன். யார் வந்தார்கள், என்ன சேலை, என்ன கரை, எந்த டியூப். செவத்தையா சார் விரல் வைத்துக்கொண்டே வந்தார். 19ஆம் தேதியில் விரல் நின்றது.

"காக்கிச் சட்டைன்னு இதுல யாரும் இல்லியே அம்மா."

"பதினொண்ணே காலுக்கு ஃபேன் பாக்க வந்த ஆளு. அஞ்சு நிமிஷம். ஜெசிந்தா எழுதாம விட்டுட்டா."

"வந்தாரு" என்றார் பத்மாசனி மேடம். "நான்தான் கூப்பிட்டேன்." ஜெசிந்தா தன் நோட்டை வாங்கி, அந்த இடத்தில் காக்கிச் சட்டையை எழுதி, கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டாள்.

26 வரை சொல்லி முடித்தேன். மேனேஜர் தண்ணீர் கேட்டார்.

முதல் ஆறு டியூப்பின் கணக்கு நிற்கும் என்று எழுதினார்கள். ஆறிலும் பிளாஸ்டிக். மிச்சத்தைப் புதுத் தாள் வந்ததும் பார்ப்பார்கள். மன்னிப்புக் கடிதத்தைப் பத்மாசனி மேடம் நாலாக மடித்துக் குப்பையில் போட்டார். என்னிடம், "நாளைலேர்ந்து கண்ணாடி கழுவ வேண்டாம் ஆவுடையம்மா" என்றார். அது நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வரும்போது தங்கபுஷ்பம், "ஒரு தம்ளருக்காக ஏழு நாள் என்னைய நிக்க வச்சிட்டியே ஆவுடை" என்றாள்.

"அப்ப தம்ளர எடுத்தது நீதான்."

"நான்தான். நாளைக்குக் கொண்டாந்து தாரேன்."

"நீயே வச்சுக்கோ" என்றேன். அந்தப் பொங்கலின்மேல் ஒரு கோடு போட்டாகிவிட்டது. பெரியப்பா மேலும் போட்டுவிட்டேன். செத்துப்போனவர், பாவம். ஜெசிந்தா என்னை மன்னிப்பாளா, மாட்டாளா என்பது அவள் நோட்டில் எழுத வேண்டியது.

இனிக் கம்பெனி நிற்காது என்று வீட்டில் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டுகிறார்கள். கோமதி தன் சீப்பை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று செண்பகத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்காக நான் யாரையும் வைது எழுதப் போவதில்லை. பெற்றவர்கள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஸ்கிரப்பர் வாங்கிக் கொடுத்ததற்காகவும் இல்லை. அதை இடுப்பில் செருகியது என் கை.

என் ஞாபகம் தப்பிப்போனது என்று ஆறு பேர் இருந்த அறையில் ஒருவன் சொன்னான். அவனுக்குப் பால் கொடுத்த நேரம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதன்மேல் நான் கோடு போடமாட்டேன்.

பிரமநாயகம்.